ஏரி நாட்டில் எழுந்த ஆலைகள்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த ஊர் என்பது. மற்றொன்று, 1991 மே 21 இரவில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்பது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் அந்த மண்ணில் நடந்தவற்றைப் பற்றி நம்மிடையே பேச்சு மிகக் குறைவு. ஆனால் இன்று தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அந்த ஊரோடு தொடர்பற்ற குடும்பங்கள் அருகிவிட்டன. ஒரு வீட்டில் மகன் ஒரகடத்தில் பொறியாளராக இருக்கிறார். இன்னொரு வீட்டில் மருமகன் இருங்காட்டுக்கோட்டையில் சரக்குந்து ஓட்டுகிறார். மற்றொரு வீட்டிலோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைச் சுங்குவார்சத்திரத்துக் கைப்பேசி ஆலைக்கு அனுப்பலாமா, கூடாதா என்ற பேச்சு இரவு உணவுக்குப் பின்னும் முடியாமல் நீள்கிறது.

அந்தப் பேச்சில் சம்பளம், விடுதி, இரவு ஷிப்ட், திருமணம் எல்லாம் வருகின்றன. அந்த இடத்தின் வரலாறு மட்டும் வருவதில்லை. அதையும் சேர்த்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிதாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில மாறும்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைத்தனர். அங்கே ஆண்டு முழுதும் ஓடும் பேராறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்தால்தான் உழவு. ஆகவே சரிவான நிலத்தில் கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகுமாறு, சங்கிலி போல ஏரிகளைக் கோத்தனர். பாலாற்றிலிருந்து பிரிந்து வழியிலுள்ள ஏரிகளை நிரப்பியவாறு ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை வரும் கம்பன் கால்வாய் இந்த ஏற்பாட்டின் முதன்மையான நரம்பு. அங்கிருந்து நீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்கிறது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காப்பது ஊராட்சியின் தனிப்பெரும் கடமை என்று கருதிய காலம் அது.

மனிதர் இங்கே குடியேறியது அதற்கும் வெகுமுன்பு. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகள் பழமையான கற்கருவிகளும், ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும், கண்ணாடி மணிகளும், சிறு தங்க அணிகலனும் கிடைத்தன. கடல்கடந்த வணிகத்தின் பொருள்கள் கரையிலிருந்து இவ்வளவு உள்ளே வந்து சேர்ந்திருக்கின்றன. இன்று அதே வட்டாரத்திலிருந்து கார்களும் கைப்பேசிகளும் கடலை நோக்கிப் போகின்றன.

நவாபுகளின் காலத்துக்கு வருவோம். வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் மாநில நெடுஞ்சாலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் வேலைக்குச் செல்கின்றனர். அந்தச் சாலையின் மறுமுனையிலுள்ள ஊர்ப்பெயர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் நினைவாக அமைந்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தார் கட்டியது என்பதால் அந்தப் பெயரை நாம் மரியாதையோடு சொல்கிறோம். மரியாதை தகும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரின் வரலாற்றில் வாலாஜாவின் பங்கு வேறு விதமானது. போர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கடன்பட்ட அவர், 1763இல் சென்னையைச் சுற்றியிருந்த இப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். தென்னிந்தியாவில் கம்பெனி விரிவான நிலப்பரப்பொன்றின் வருவாயை அனுபவிக்கத் தொடங்கியது இந்த ஏரி நாட்டில்தான். அந்நிய மூலதனத்துக்குச் சலுகையோடு நிலம் வழங்கிய கதை இம்மண்ணுக்குப் புதியதன்று என்று யாரேனும் சொன்னால் மறுப்பதற்கில்லை.

கம்பெனி தான் பெற்ற நிலத்தை அளக்க விரும்பியது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் வீடுகள் எத்தனை, அவற்றில் வாழ்வோர் யார், அவர்கள் செய்யும் தொழில் எது, ஏரி எத்தனை, விளைச்சல் எவ்வளவு, அந்த விளைச்சலில் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஃபக்கீருக்கும் உரிய பங்கு யாது என்பனவெல்லாம் ஊர்க் கணக்கர்களின் ஓலைகளில் பதிவாயின. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வறிஞர் தரம்பால் இந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். வரி வசூலுக்காக எடுத்த கணக்குதான் அது. அப்படியிருந்தும், மிகச் சிறிய தொழில் செய்தவரும் அதில் இடம்பெற்றார். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பர்னார்டு கணக்கெடுத்து முடித்த ஆறாண்டுகளில் அந்த நாடு தீக்கிரையானது. 1780 கோடையில் ஹைதர் அலி பெரும்படையோடு மலையிறங்கி வந்தார். வடக்கேயிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர முயன்றது. பேரம்பாக்கத்தருகே திப்பு சுல்தான் அதனைத் தாக்கினார். பின்னர் செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில், திப்புவும் ஹைதரும் பெய்லியின் படையை முற்றாக முறியடித்தனர். மைசூரின் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைத் தீப்பற்றச் செய்தன. சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இறந்தார். உதவிக்கு வராத மன்றோ, தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டினத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் பெரிய ஓவியமாக இன்றும் விளங்குகிறது.

திப்புவின் வெற்றியைப் பெருமையோடு சொல்லும் நாம், அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயருக்கு ஒரு படி அரிசியும் கிடைக்கக்கூடாது என்பதற்காக மைசூர்க் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய ஊர்களைக் கொளுத்தியது. கால்நடைகளை ஓட்டிச் சென்றது. ஏரிக்கரைகள் பராமரிப்பின்றி உடைந்தன. 1782இல் பஞ்சம் வந்தது. இரு பக்கத்து அரசருக்கும் நெல் விளைவித்துக் கொடுத்த உழவர்கள் ஊரை விட்டு ஓடினர். புள்ளலூரில் இன்று இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அடுத்த ஆண்டு, 1781இல், அதே களத்தில் நடந்த மற்றொரு போரில் மாண்ட கேப்டன் ஹிஸ்லாப், கர்னல் பிரவுன் ஆகிய ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பியவை அவை. பஞ்சத்தில் மாண்ட ஊராருக்குத் தூண் ஏதும் இல்லை.

உடைந்த ஏரிகளைப் பழுதுபார்க்கும் பெருவேலை, 1794இல் ஜாகீரின் ஆட்சியரான லயனல் பிளேஸ் காலத்தில்தான் முறையாக நடந்தது. நிலம் மீண்டும் விளைந்தது. ஆனால் உழைத்தவர் கைக்கு நிலம் வரவில்லை. மிராசு உரிமை ஒரு சிலரிடமே இருக்க, ஒடுக்கப்பட்ட மக்கள் அடிமைகளைப் போல உழன்றதை, 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் ஓர் அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் அறியும் நிலங்களை அவர்களுக்கு ஒதுக்கும் ஆணை 1892இல் அதன் விளைவாக வந்தது. அந்த நிலங்களிலும் பல பின்னாளில் கைமாறிப்போயின. ஆலைகளுக்காக நிலம் எடுத்தபோது இழப்பீடு பெற்றவர் பட்டா வைத்திருந்தவர். நாற்று நட்டவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் காட்டக் காகிதம் இல்லை.

ஆலைகளின் கதை கிண்டியில் தொடங்குகிறது. காமராசர் ஆட்சியில் 1958இல் கிண்டித் தொழிற்பேட்டையும், அதன்பின் அம்பத்தூரும் எழுந்தன. எண்ணூரில் அசோக் லேலண்டு, பாடியில் டி.வி.எஸ். குழும நிறுவனங்கள், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் என்று சென்னையின் விளிம்பில் ஒரு தலைமுறைத் தொழிலாளர் உருவாயினர். ஸ்டாண்டர்டு மோட்டார் 1988இல் மூடப்பட்டது. அந்த வளாகம் பின்னர் தகவல் தொழில்நுட்பப் பூங்காவானது. கார் ஆலையும் மூடப்படலாம் என்பதை அந்த ஊர் முதன்முதலில் அப்போதுதான் கண்டது.

ராஜீவ் காந்தி இறந்து இரண்டு மாதங்கள் கழித்து, 1991 ஜூலையில், இந்தியாவின் பொருளாதாரக் கொள்கை திசைமாறியது. அந்நிய நிறுவனங்கள் இடம் தேடின. சென்னைக்குத் துறைமுகம் இருந்தது. பற்சக்கரம் முதல் பிரேக் வரை செய்யத் தெரிந்த உதிரிபாகப் பட்டறைகள் இருந்தன. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்த இளைஞர்கள் இருந்தனர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, தென்னிந்தியாவின் மிகப் பெரிய சந்தைகளுக்கு நடுவே, ஸ்ரீபெரும்புதூர் இருந்தது. 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் திரட்ட, 1996இல் இந்தியாவில் பதிவான ஹூண்டாய் அங்கே தன் ஆலையைக் கட்டியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. கண்ணாடிக்கு செயின்ட் கோபெய்ன், தொலைக்காட்சிக்கும் குளிர்பெட்டிக்கும் சாம்சங் என்று வரிசை நீண்டது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் சரக்குந்துகளும், 2013இல் ராயல் என்ஃபீல்டும் அதே ஊரில் வந்தன. வல்லம் வடகாலில் யமஹா வந்தது. நெல்வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊராக இருந்த ஒரகடம், பதினைந்தாண்டுகளில் உலக வாகனத் தொழிலின் வரைபடத்தில் இடம்பெற்றது.

இந்தச் சாலையின் வண்டலூர் முனையில், இவையெல்லாம் வருவதற்கு வெகுமுன்பே, 1984இல், கீழக்கரை வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் பொறியியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் கிரசென்ட் அதுவே. வளைகுடாவிலும் தென்கிழக்காசியாவிலும் வணிகம் செய்து ஈட்டிய செல்வத்தை ஒருவர் கல்வியில் இட்டதால், ஆலைகள் வந்தபோது நம் பிள்ளைகள் சிலரேனும் மேற்பார்வையாளராகவும் வடிவமைப்பாளராகவும் உள்ளே நுழைய வழி கிடைத்தது.

இனி நோக்கியாவின் கதை. இந்த வட்டாரத்தை அறிய விரும்புவோர் இதை மட்டுமாவது முழுமையாக அறிதல் வேண்டும்.

2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் ஆயிற்று. சுமார் 210 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைந்தது. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. பாகங்கள் செய்து தரும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் முதலிய நிறுவனங்களும் அதே வளாகத்துக்குள் வந்தன. உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்து, வாழ்வில் முதன்முறையாகச் சொந்த வங்கிக் கணக்கில் சம்பளம் பெற்ற பெண்கள். தம்பியின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்குக் கான்கிரீட் கூரை, அக்காவின் திருமணக் கடன் என்று அந்தச் சம்பளம் போன இடங்களைப் பட்டியலிட்டால் வட தமிழகத்தின் பத்தாண்டு வரலாறு தெரியும். அதற்கான விலையும் இருந்தது. 2010 அக்டோபர் இறுதியில் ஓர் இளம்பெண் ஆலை இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

தொழிலின் சரிவு வெளியிலிருந்து வந்தது. தொடுதிரைக் கைப்பேசிகள் பரவியதும் நோக்கியாவின் சந்தை சுருங்கியது. 2013இல் தன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்க அது முடிவு செய்தது. அதே ஆண்டு இந்திய வருமானவரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. மாநில அரசும் விற்பனை வரி கோரியது. சொத்து முடக்கப்பட்டதாலும், உச்ச நீதிமன்றம் கேட்ட 3,500 கோடி ரூபாய் உத்தரவாதத்தை நோக்கியா தராததாலும், 2014 ஏப்ரலில் மற்ற நாடுகளில் உள்ள ஆலைகள் பல கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் விடுபட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் சுமார் 5,000 பேர் வெளியேறினர். மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதலை நிறுத்தியதும், 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. டிசம்பரில் அதே வளாகத்து ஃபாக்ஸ்கான் அலகும் நின்றது.

எட்டே முக்கால் ஆண்டுகள். பதினெட்டு வயதில் உள்ளே போனவர், வெளியே வரும்போது இருபத்தேழு வயதை எட்டவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு குறிப்பிட்ட வரிசையில், ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் முன், விரைவாகக் கை அசைக்கும் பழக்கம். வெளியே அதற்கு மதிப்பில்லை. வரி கேட்டது சட்டப்படி சரியா என்பது வழக்கறிஞர்கள் பேசும் பொருள். கேட்ட அரசுகளும், விட்டுச் சென்ற நிறுவனமும், வாங்கிக்கொண்ட நிறுவனமும் தத்தம் கணக்கை முடித்துக்கொண்டனர் என்பதும், அந்தப் பெண்களின் கணக்கு எவர் ஏட்டிலும் ஏறவில்லை என்பதும் எவரும் காணக்கூடியவை. பர்னார்டின் ஓலையில் ஊர் வெட்டியானுக்கும் ஒரு வரி இருந்தது.

இதை வேறொரு நாட்டின் ஆலை நகரத்தோடு ஒப்பிட்டால் காலத்தின் அளவு விளங்கும். கனடாவில், ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில், ஹாமில்டன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1910இல் ஸ்டெல்கோவும், 1912இல் டொஃபாஸ்கோவும் தோன்றின. நகரமே எஃகு நகரம் என்று பெயர் பெற்றது. 1946இல் ஸ்டெல்கோ தொழிலாளர் தம் சங்கத்தை ஏற்குமாறு கோரி 81 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். பாட்டன், தந்தை, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே வாயிலில் நுழைந்த குடும்பங்கள் அங்கே உண்டு. 2007இல் ஸ்டெல்கோவை அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்கியது. சில ஆண்டுகளில் அங்கே இரும்பு உருக்குவது நின்றுபோனது. ஆயினும் நகரம் அழியவில்லை. 1930லேயே அங்கு வந்து சேர்ந்திருந்த மக்மாஸ்டர் பல்கலைக்கழகமும், அதனைச் சுற்றி வளர்ந்த மருத்துவமனைகளும் வேலை தந்தன. நூறாண்டு நின்ற ஆலை வீடுகளையும், சங்கத்தையும், ஓய்வூதியத்தையும், பள்ளிகளையும் ஊருக்குள் விட்டுச் சென்றிருந்தது. கூடவே நச்சையும் விட்டுச் சென்றது. துறைமுகத்தின் அடியில் தங்கிய நிலக்கரித்தார்ச் சேற்றை மூடிக் காப்பதற்குச் சுமார் 13.9 கோடி கனடிய டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஸ்ரீபெரும்புதூரில் ஆலையின் ஆயுள் தொழிலாளியின் இளமையைவிடக் குறுகியது. பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2025இல் நிசான் ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த பங்கை ரெனோவிடம் ஒப்படைத்தது. நோக்கியாவின் பழைய வளாகத்தை மீண்டும் இயக்கப்போவதாக சால்காம்ப் 2019இல் அறிவித்தது. ஆலைகள் இனியும் வரும், போகும். ஒவ்வொரு முறையும் புதிய பிள்ளைகள் உள்ளே போவார்கள்.

அவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்ற கேள்வி 2021 டிசம்பரில் நாடறியப் பேசப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் ஐஃபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது சுமார் 17,000 பேர் இருந்தனர். பெண் தொழிலாளர் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. மறுக்க வேண்டியவர்கள் நேரத்தில் வந்து மறுக்கவில்லை. டிசம்பர் 17 இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சென்னை–பெங்களூரு போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. ஓர் அறையில் பலர் தரையில் படுத்ததும், சில இடங்களில் தண்ணீர்க் குழாயே இல்லாததும் அதன்பிறகே வெளியே தெரிந்தன. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். சாலையில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் பங்கு உண்டென்றே நான் கருதுகிறேன்.

அதே 2024 ஜூனில், மணமான பெண்களை அந்த ஆலை பொருத்துவேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. 2022இல் பணியமர்த்தலில் குறைகள் நேர்ந்தன என்றும் அவற்றைச் சரிசெய்துவிட்டதாகவும் நிறுவனத்தரப்பு விளக்கியது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நம் குடும்பங்கள் இதில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மகள் திருமணம்வரை மட்டும் வேலை பார்க்கட்டும் என்று நாமே சொல்லி வந்திருக்கிறோம். மணமாகாத, மறுத்துப் பேசாத, மூன்றாண்டில் தானே விலகிவிடும் தொழிலாளியைத் தேடும் ஆலைக்கு நம் வழக்கம் வசதியாகப் போய்விடுகிறது. பெண் தான் ஈட்டியது தனக்கே உரியது என்று மார்க்கம் வகுத்த உரிமையை மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அந்த ஈட்டலுக்கு மணநாளோடு எல்லை கட்டுவது யார்?

பர்தா, ஹலால் உணவு, தொழுகைக்கு இடம் ஆகியவற்றைப் பெற்றோர் முதலில் விசாரிக்கின்றனர். விசாரிக்கத்தான் வேண்டும். அவற்றோடு பணி ஆணை யார் பெயரில் வருகிறது, ஆலையின் பெயரிலா, ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் பெயரிலா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் உண்டா, பயிற்சியாளர் என்ற பெயரில் எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், விடுதிக்கும் பேருந்துக்கும் எவ்வளவு பிடித்தம் என்பனவும் அதே மூச்சில் கேட்க வேண்டியவை. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைத் தரச் சொன்ன நபிமொழியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். முதலாளியாகவும் ஒப்பந்தக்காரராகவும் அதே வட்டாரத்தில் தொழில் செய்யும் நம்மவருக்கும் அது பொருந்தும்.

வேலைநேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர், தம் சங்கத்தை ஏற்கக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். பந்தலைப் பிரித்தும் கைது செய்தும் பார்த்தனர். 37 நாட்களுக்குப் பின், அக்டோபர் 15 அன்று, அது முடிவுக்கு வந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. ஹாமில்டன் 1946இல் கேட்டதையே ஸ்ரீபெரும்புதூர் 78 ஆண்டுகள் கழித்துக் கேட்டது.

நீருக்குத் திரும்புவோம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டு, சென்னையின் ஒரு பாதி மூழ்கியது. பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து எல்லாச் சமயத்தாரையும் ஏற்றதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். அந்த நீர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். கலங்கல்களும் வரத்துக் கால்வாய்களும் அடைபட்டு, வயல் இருந்த இடத்தில் தார்த் தளமும் கிடங்கும் வந்த பிறகு, பெய்த மழை தங்குவதற்கு இடமின்றி ஓடியது.

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் சொல்லிக்கொள்வது முறை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரையில் தோல் தொழிலை வளர்த்ததில் முஸ்லிம் வணிகர் பங்கு பெரிது. அத்தொழில் பல கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் தந்தது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் அதுவே கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று நம் தொழிற்கூடங்களின் கழிவிலிருந்து பிறந்தது. மேலே வாணியம்பாடியில் ஆற்றுக்கு நேர்வது, கீழே கம்பன் கால்வாயின் வழியே ஸ்ரீபெரும்புதூர் ஏரியையும் தொடும்.

அந்தக் கால்வாய்க்கு இப்போது மற்றொரு சோதனை வந்துள்ளது. சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்காகப் பரந்தூரைச் சுற்றி 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எடுக்கப்படும் என்று 2022இல் அறிவிப்பு வந்தது. நெல்வயல்களும் ஏரிகளும் அதில் அடங்கும். முழு ஊராகவே இடம்பெயர வேண்டிய ஏகனாபுரத்து மக்கள் அன்று முதல், பகல் வேலை முடிந்து மாலையில் கூடி, எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளனர். பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாய், விமான ஓடுபாதைக்காகக் குறிக்கப்பட்ட நிலத்தின் ஊடாகத்தான் செல்கிறது.